லைட்டு ஆடுது, சத்தம் வரல

செல்வி அக்கா தன் மைக் செட் மிக்சரைப் பற்றிப் பேசவே இல்லை. மகளின் கொலுசைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தார்.

"போன மாசம்தான் பாலீஷ் போட்டு வாங்கினோம் பாப்பா. அதுக்குள்ள கரி பூசின மாதிரி ஆய்டுச்சி. வூட்டுக்குப் பின்னாடியே தோல் டேனரி கால்வாய். அந்தக் காத்துக்கு வெள்ளி நிக்கவே மாட்டேங்குது."

நான் அவருடைய மிக்சரின் மேல்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

"அக்கா, இந்தப் பெட்டிய எங்க வைப்பீங்க?"

"வேற எங்க? அதே வூட்டுல பின்ரூம்லதான்."

கொலுசு கறுத்தால் கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் வெள்ளி பூசிய கான்டாக்ட் தகடு கறுத்தால் யாருக்குத் தெரியும்?

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

1. கடையில் பாடியது

ஈ.சி.ஈ. முடித்துவிட்டு ஆம்பூர் பஜாரில் இம்தியாஸ் பாயின் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். செல்வி அக்கா எங்கள் கஸ்டமர். கல்யாணம், கம்பெனி விழா என்று மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பவர்டு மிக்சர். மிக்சரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். மைக்கையும் ஸ்பீக்கரையும் செருகினால் போதும், ஆள் பேசலாம்.

முதல் தடவை கொண்டுவந்தபோது அக்கா சொன்ன கம்ப்ளெயின்ட் இது: "லைட்டு ஆடுது, சத்தம் வரல." அதாவது பேசப்பேச முன்பக்கத்து மீட்டர் விளக்குகள் ஏறி இறங்குகின்றன, ஸ்பீக்கர் மட்டும் ஊமையாகிவிடுகிறது. பாதி விடை அதிலேயே இருந்தது. மைக்கிலிருந்து மீட்டர் வரை எல்லாம் சரி. அதற்கு அப்புறம் எங்கோ அறுந்துபோகிறது.

அப்புறம் என்றால் ஆம்ப்ளிஃபையர்தான் என்று நேராக அங்கே போனேன். டெஸ்ட் டோன் கொடுத்தேன். அருமையாக வந்தது. ஸ்பீக்கர் கேபிளை மாற்றிக் கொடுத்தனுப்பினேன். சில வாரங்கள் ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. இந்த முறை ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கரோடு சேர்க்கும் ரிலே சுவிட்சை மாற்றினேன். டெஸ்ட்டில் மறுபடியும் அருமை.

பாய்க்கு ஒரே சிரிப்பு. "இன்னாம்மா, இன்ஜினியர பாத்தா பெட்டி பயப்படுதா? இங்க பாடுது, மண்டபத்துல வாய மூடிக்குது."

2. மாப்பிள்ளை சொன்னது கேட்கவில்லை

மூன்றாம் தடவை அது நின்றது ஒரு கல்யாண மண்டபத்தில், நிக்காஹ் நடுவில். காஜி சம்மதமா என்று கேட்டு முடித்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சத்தம் போய்விட்டது.

அக்கா மறுநாள் காலையிலேயே பெட்டியோடு வந்துவிட்டார். "பின்னாடி உக்காந்திருந்தவங்கல்லாம் எழுந்துட்டாங்க பாப்பா. மாப்ள குபூல் சொன்னானா இல்லியான்னு ஒரே கூச்சல். பொண்ணோட அப்பா மூஞ்சிய பாக்க முடியல. நாளைக்கு அங்க இன்னொரு நிக்காஹ் இருக்குது. அதுலயும் இப்படி ஆச்சுன்னா வேற பார்ட்டிய வெச்சிக்கிறேன்னுட்டார் மேனேஜர்."

அக்காவுக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு அந்த மண்டபத்திலிருந்துதான். அது போனால் மைக் செட்டை மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் கவலையில் பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் கொலுசில் வந்து நின்றது.

3. தொடாமல் பார்த்தது

பவர்டு மிக்சரின் பின்பக்கத்தில் 'பவர் ஆம்ப் இன்' என்று ஒரு ஜாக், அதாவது ஒயரின் பின்னைச் செருகும் ஓட்டை, இருக்கும். அதில் எதையும் செருகாதபோது, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் கான்டாக்ட் வழியாக மிக்சரின் சிக்னல் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். வெளியிலிருந்து பின்னைச் செருகினால் ஸ்பிரிங் விலகி, வெளிச் சிக்னல் உள்ளே போகும்.

நான் டெஸ்ட் டோன் கொடுத்தது அந்த ஜாக்கில்தான். இரண்டு தடவையும். செருகியிருக்கும்வரை கெட்ட கான்டாக்டுக்கு வேலையே இல்லை. பின்னைச் செருகி உருவும்போது அந்த உரசலில் கறுப்பு கொஞ்சம் தேய்ந்து, சில வாரங்களுக்குச் சரியாகிவிடுகிறது. என் டெஸ்ட்டே ஃபால்ட்டை மறைத்துக்கொண்டிருந்தது.

இந்த முறை அந்த ஜாக்கைத் தொடவில்லை. மண்டபத்தில் போலவே மைக்கையும் ஸ்பீக்கரையும் மட்டும் செருகி, அக்காவைப் பேசச் சொன்னேன்.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்ட்டிங்." லைட்டு ஆடியது. சத்தம் இல்லை. இந்தக் கடையில் அது முதல்முறையாக ஊமையானது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா அழுகிற நிலையில் இருந்தார்.

வெறும் பின் ஒன்றை எடுத்து ஜாக்கில் ஒருமுறை செருகி உருவினேன். "ஏண்டி பல்ல காட்டுற?" என்று அக்கா கேட்டது ஸ்பீக்கரில் கடையே அதிர வந்தது. பாய் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

"வந்துடுச்சி! மூடிடு பாப்பா, மூடிடு."

"இப்ப மூடினா மறுபடியும் போகும்க்கா."

"புது ஜாக்கு போட்டுடு, அவ்ளோதானே" என்றார் பாய், சட்டையைத் துடைத்தபடி.

"புதுசும் அதே பின்ரூம்லதானே பாய் தூங்கப்போவுது?"

பவர் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்தேன். பிளக்கைப் பிடுங்கினாலும் அவற்றில் கரன்ட் நிற்கும், மறந்துவிடாதீர்கள். போர்டை வெளியே எடுத்து லென்ஸில் பார்த்தால், கான்டாக்ட் மைபோலக் கறுத்திருந்தது.

"அக்கா, இந்த ஓட்டைல எதையாச்சும் செருகியிருக்கீங்களா?"

"அது எதுக்குன்னே எனக்குத் தெரியாது."

அது போதும். கான்டாக்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து சால்டர் செய்தேன். இனி ஸ்பிரிங் கறுத்தாலும் சிக்னல் ஒயர் வழியாகப் போகும். ஜாக்கை இனிப் பயன்படுத்த முடியாது என்று அக்காவிடம் சொல்லி, ஓட்டையை மூடி டேப் ஒட்டினேன்.

4. மண்டபம்

மறுநாள் நானும் போனேன். பாயிடம் அரைநாள் லீவு கேட்டேன். "போ, போ, பெட்டிக்குத் துணைக்கு ஆள் வேணும்" என்றார்.

மேனேஜர் வந்து எங்கள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா மீட்டரையே பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். காஜி கேட்டார். லைட்டு ஆடியது.

"குபூல்" என்று மாப்பிள்ளை சொன்னது கடைசி வரிசை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். "ஏம்மா செல்வி, சத்தம் ஜாஸ்தியா இருக்குது. கொஞ்சம் கம்மி பண்ணு."

அக்கா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "கம்மி பண்ணச் சொல்றாரு பாப்பா!"

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கஸ்டமர் எப்படிப் பயன்படுத்துகிறாரோ, முதல் டெஸ்ட் அப்படியே இருக்க வேண்டும். நம் வசதிக்கு ஒரு ஒயரைச் செருகினால்கூட அது வேறு மெஷின் ஆகிவிடுகிறது.

ஆனால் அதே பெட்டியில் இன்னும் பல ஜாக்குகளில் இதே மாதிரி ஸ்பிரிங் இருக்கிறது. அவற்றில் சிலவற்றை அக்கா பயன்படுத்துவதால் எல்லாவற்றையும் ஒயர் போட்டு மூட முடியாது. அதனால் புது ஜாக் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றை அக்காவின் பின்ரூமில் திறந்தபடி தொங்கவிடப் போகிறேன். இன்னொன்றை மூடி இறுகும் டப்பாவில், அந்தக் கெட்ட காற்றை உறிஞ்சிக்கொள்ள மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஃபில்டர் கரியோடு போட்டு, அதே ரூமில் வைக்கப் போகிறேன். டப்பாவில் இருப்பது கறுக்காமல் தப்பித்தால், அடுத்து மிக்சர் அளவுக்கு ஒரு டப்பா செய்ய வேண்டும்.