சாவியை நான்தான் வாங்கி வைத்தேன்

மனுக் கொடுப்பதும் ஒரு தொழில்தான்; சம்பளம் மட்டும் கிடையாது. நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். எங்கள் ஊர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்ட பொறவு, கம்பெனிக்கு லீவு போட்ட நாளெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில்தான் போகிறது. ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

நிறைந்த பாட்டில்

என் மகள் கலா எட்டாம் வகுப்பு. கொண்டுபோன தண்ணீர் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. ஏசினேன். பிறகுதான் சொன்னாள்: பள்ளியில் கக்கூஸ் பூட்டியே கிடக்கிறதாம், அதனால் பொம்பளைப் பிள்ளைகள் யாரும் தண்ணீரே குடிப்பதில்லையாம். நீர்க்கடுப்பில் பிள்ளையை மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எதனால் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

நேரே ஹெட்மாஸ்டரிடம் போனேன். நல்ல மனுஷன்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஆபீசர் வந்தா மட்டும் தெறப்போம்மா. மோட்டார் ஓடல, கழுவ ஆளில்ல, நான் என்ன செய்ய?"

தனி ஃபைல்

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்வி ஆபீசில் கிளார்க் தம்பி என் மனுவைப் படித்துவிட்டு, கக்கூஸ் கட்டி முடித்ததாக ரிக்கார்டில் இருக்கிறதே என்றார். கட்டடம் இருக்கு, தண்ணி எங்கே என்றேன். அது வேறு ஃபைலாம். கழுவ ஆள் போடுவது இன்னொரு ஃபைலாம். "அடுப்பு வாங்கிக் குடுத்துட்டு அரிசிக்கு வேற வீட்டுக்குப் போன்னா எப்படி தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அக்கா, கட்டுறதுக்குச் சீக்கிரம் காசு வரும். கழுவுறதுக்குத்தான் வராது."

இப்படி ஏழு மனு.

மேரியின் யோசனை

கம்பெனியில் என் பக்கத்து மேஜை மேரி. என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, "ஏட்டி, பேசாம பிரைவேட்ல சேத்துத் தொலையேன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறேன், சீப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறேன். அந்தக் காசில் நடக்கிற பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் ஏன் ஓட வேண்டும்? என் பிள்ளையை மாற்றிவிட்டால் மிச்சப் பிள்ளைகள் எம்புட்டு நாள் அடக்கிக்கொண்டு கிடக்கும்? கத்திரியைக் கீழே வைத்துவிட்டே கத்தினேன். மேரி அந்தக் கத்திரியை எடுத்து என் கையில் கொடுத்தாள். பொறவு சொன்னாள்: "எம்மவளும் அங்கதான படிக்கா. அடுத்த தடவை நானும் வாரேன்."

ஆபீசர் வந்த நாள்

பள்ளியைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்றதும் ஹெட்மாஸ்டரிடம் கக்கூஸ் சாவியைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டார். மேரியோடு தாய்மார் பன்னிரண்டு பேர் போய், அவரை மரத்தடியில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தோம், மோர் கொடுத்தோம், டீயும் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் குறை சொன்னோம். அவர் நெளிந்தார். ஹெட்மாஸ்டர் காதில் ஏதோ கேட்டார். ஹெட்மாஸ்டர் என்னைக் கைகாட்டினார்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு சார். எங்க பிள்ளைக காலையில இருந்து நாலு மணி வரைக்கும் அடக்குது. உங்களுக்கு ரெண்டு மணி நேரந்தான் ஆகுது" என்று சொல்லிவிட்டுத் திறந்துவிட்டேன். குழாயைத் திருகினார், காற்றுதான் வந்தது. வெளியே வந்து கிளார்க்குக்குப் போன் போட்டார்: "அந்தத் தனி ஃபைல் எங்கய்யா கிடக்கு?"

காலி பாட்டில்

அந்த மாதமே மோட்டார் வந்தது. தண்ணீர் வந்த அன்று கலா பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை. நான் அழுதுவிட்டேன். அவள் கேட்டாள்: "இது பத்தல, பெரிய பாட்டில் வாங்கித் தாம்மா."

கழுவ ஆள் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், மிச்ச நாளுக்கான ஃபைல் இன்னும் நகரவில்லை. அதனால் அந்தப் பூட்டையும் சாவியையும் நான் இன்னும் தூரப் போடவில்லை.