அத்தையின் மறதி

வளையல் சத்தம் கேட்டால்தான் என் சித்தப்பா வாயைத் திறப்பார். அப்பாவின் தம்பி அவர். சிறுபிள்ளையில் வந்த மூளைக்காய்ச்சல் பார்வையையும் பேச்சையும் நடையையும் ஒருசேர வாங்கிக்கொண்டு போய்விட்டது. எனக்கு ஏழு வயதானபோது அவருக்கு முப்பது இருக்கும். பெருமாள்மலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அதன் உள்ளறையில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைவாள். பிசையும் கையோடு கண்ணாடி வளையல்கள் உரசும். அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் திரும்பும், வாய் திறக்கும். வேறு யார் ஊட்டப் போனாலும் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அப்பா மன்னவனூரிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி மதுரைக்கு லாரி ஓட்டியவர். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் பீடியை வாயில் வைத்தபடியே வண்டியைத் திருப்புகிற மனிதர், தம்பிக்கு ஒரு கவளம் ஊட்ட முடியாமல் திணறுவார். ஒருமுறை அம்மாவின் வளையல்களை நூலில் கோத்து இடது கையால் குலுக்கிக்கொண்டே ஊட்டிப் பார்த்தார். சித்தப்பா ஏமாறவில்லை. அந்தச் சத்தத்துக்கு ஆடுதான் வரும் என்று அம்மா சிரித்தாள். அம்மா சிரித்து நான் பார்த்தது குறைவு, அதனால் நினைவிருக்கிறது. என் கையில் கிடந்தவை ரப்பர் வளையல்கள். அவை எதற்கும் உதவவில்லை.

அப்போதுதான் பெரும்பாறையிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவின் தங்கைக்கு வளைகாப்பு. ஆறு வருஷமாக அம்மா பிறந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. மூன்று வேளைச் சோறு அவளைக் கட்டிப் போட்டிருந்தது. கடிதத்தை மடித்து உப்புச் சாடிக்கு அடியில் வைத்தவள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

பக்கத்து வீட்டு அத்தைக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அநேகமாக நானாகத்தான் இருக்கும். அத்தை காய்கறி மண்டியில் கேரட் கழுவுபவள். கணவர் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குச் சொந்தமில்லை என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

"நீ போயிட்டு வா தாயி. ரெண்டு நாளு நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

"இல்லைங்க மதினி, அவருக்கு ஊட்டுறதுக்கு..." என்று அம்மா இழுத்தாள். அவள் கண் அத்தையின் வெறும் கைக்குப் போய்த் திரும்பியது.

"அது என் சோலி. நீ வெள்ளனே பஸ்ஸப் பிடி."

சனிக்கிழமை விடிந்ததும் அம்மா கிளம்பினாள். கிளம்புமுன் தன் மாற்று வளையல்களில் அரை டஜனைச் சித்தப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மத்தியானம் அத்தை கதவைச் சாத்தினாள், சன்னலையும் சாத்தினாள். கையில் சோப்பைத் தேய்த்து வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். குளிர்ந்த தண்ணீரில் கேரட் கழுவிக் கழுவித் தடித்துப்போன கை. ஒரு வளையல் உடைந்து ரத்தம் வந்தது.

"கைக்கு மறந்து போச்சு ஆத்தா," என்று என்னிடம் சொன்னாள்.

பிறகு சோற்றைப் பிசைந்தாள். சித்தப்பா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் யோசித்தார். வாயைத் திறந்தார். அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. கை வலிக்கிறதாக்கும் என்று நான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தேன்.

ஊட்டி முடித்ததும் வளையல்களைக் கழற்றிப் பலகையில் வைத்துவிடுவாள். அடுத்த வேளைக்கு மறுபடி கதவு, சன்னல், சோப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா லாரியை நிறுத்திவிட்டு வந்ததும், அம்மா வரும் நேரம்தான் என்று சொல்லி அத்தை புறப்பட்டாள். பலகையைப் பார்த்தேன். ஐந்து வளையலும் அங்கேயே இருந்தன. பாவம், மறந்துவிட்டாளே என்று அள்ளிக்கொண்டு ஓடினேன். டீக்கடை முன்னால் பிடித்துவிட்டேன்.

"அத்தே! வளையலை மறந்துட்டீங்க!" என்று கத்தினேன். அவள் திரும்பி விழித்ததும் இன்னும் விளக்கமாக, "சித்தப்பாவுக்கு ஊட்டுறப்ப போட்டிருந்தீங்களே!" என்றேன்.

பெஞ்சில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. அதில் ஒன்று அத்தையுடைய கணவரின் தம்பி.

"என்ன மதினி இது? நீங்க வளையலு போட்டீங்களா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றது. முழங்கை வரைக்கும் புது வளையல் குலுங்க அம்மா இறங்கினாள். என் கையைப் பார்த்தாள், அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாந்தான் வச்சுட்டுப் போனேன்..." என்று அம்மா தொடங்கினாள். அத்தை முடிக்க விடவில்லை.

"ஒரு மனுசனுக்குச் சோறு எறங்கணும்னு போட்டேன். இனிமேயும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போடுவேன். இவளும் மனுசிதான? வாரத்துல ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்க வேண்டாமா?"

கொழுந்தனார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பின் வெகுகாலம் அத்தை வீட்டுப் பக்கமே அவர் தலைவைக்கவில்லை. மண்டியிலும் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அத்தை ஞாயிறுதோறும் வந்தாள். அம்மா பகலில் தூங்குவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உடம்புக்கு என்னவோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு செய்ததைக் கடைத்தெருவில் கூவியவள் நான். ஆனால் அம்மா அன்று என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வளையல்களை என் கையிலிருந்து வாங்கிக் கொண்டுபோய் எனக்கு எட்டாத மேல் பலகையில் வைத்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவ்வளவு உயரத்தில் வைத்தால் அத்தை இன்னும் சுலபமாக மறந்துவிடுவாளே! அடுத்த ஞாயிறு அவள் வாசலைத் தாண்டும் முன்பே ஞாபகப்படுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.