அஸ்திவாரத்தில் தாமரை

டிப்ளமா முடித்து, போர்ட் பிளேரில் ஓவர்சீயராகச் சேர்ந்த புதிது. எனக்குக் கோலம் என்றால் உயிர். டெய்ரி ஃபார்ம் பகுதியில் குவார்ட்டர்ஸ் கட்ட, ஆட்கள் தோண்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூளால் அஸ்திவாரக் கோடு போட்டேன். தூள் மிஞ்சியது, கை சும்மா இருக்கவில்லை. பக்கத்திலேயே எட்டு இதழ்த் தாமரை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், மூன்று இதழ்களை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள்!

வங்காளி மேஸ்திரி இந்தியில் கவலையோடு கேட்டார்: "அக்கா, இந்த ரூமில் கட்டிலை எப்படிப் போடுவார்கள்?"

"ஐயோ, மூடுங்கள்! மூன்று மணிக்கு இன்ஜினியர் வருகிறார். பார்த்தால் என் வேலை போய்விடும்!"

நானும் மண்வெட்டி பிடித்தேன். கடைசிக் கூடை மண் விழவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது.

இப்போதும் நான் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கோலம் உண்டு. ஆனால், கடப்பாறைகள் எல்லாம் லாரி ஏறிய பிறகுதான்.