மைக்கில் விழாத சொல்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குக் காது தேவையில்லை என்பது அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். கடைசியில் எப்படியும் சினிமாப் பாட்டுதான் போடப்போகிறோம். ஆனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எண்பதுகளின் பின்பாதியில் குமாரபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். காமிராவிலேயே இருக்கும் மைக் போதாது, தாலி கட்டும்போது மேளம் கணீரென்று கேட்க வேண்டும் என்று தனியாக ஒரு மைக் வாங்கினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அதை வாங்கியபின் எடுத்த மூன்றாவது கல்யாணம் ஒரு தறிக்காரம்மாவின் மகளுக்கு. அம்மா இருபது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவர், கணவர் இல்லை. பெண்ணும் தறிப் பட்டறையிலேயே வளர்ந்து, அம்மாவுக்குப் பக்கத்துத் தறியில் நின்றவள். மாப்பிள்ளை எடப்பாடிப் பக்கம். கல்யாணம் முடிந்து வந்து கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். பெண் வீட்டில் வாழைமரம் கட்டுகிற சத்தமெல்லாம் நன்றாக வந்தது. மண்டபத்தில் மைக் வயரைச் சொருகிய இடத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கடைசிவரை ஒன்றுமே இல்லை. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார், சத்தம் இல்லை.

ஒரு வாரம் அந்த மைக்கோடு மல்லுக்கட்டினேன். பேட்டரி மாற்றினேன். வயர் முனையிலிருந்த பின்னைத் துடைத்துச் சொருகினேன். மைக்கைக் கழற்றினால் காமிராவின் சொந்த மைக் ஒழுங்காக வேலை செய்தது, சொருகினால் இரண்டும் ஊமை. அப்புறம்தான் விளங்கியது. வெளி மைக்கின் வயர்ப் பின் உள்ளே போனதுமே காமிரா தன் மைக்கை நிறுத்திவிடும். வெளி மைக் செத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. வயரை அறுத்துப் பார்த்தேன். பின்னின் கழுத்துக்குக் கீழே, ரப்பருக்குள் கம்பி அற்றிருந்தது. தினமும் முழங்கையில் இறுக்கிச் சுற்றி மடக்கிவைத்த புத்திசாலி நான்தான்.

காதில் இயர்போன் மாட்டித்தான் இருந்தேன் என்பது இன்னும் கேவலம். பக்கத்திலேயே மேளம் அடித்ததால், வெளியிலிருந்து கேட்ட சத்தத்தை மைக் வழியாக வருகிறதென்று நம்பிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. முதலிலிருந்து முடிவுவரை பாட்டைப் போட்டுக் கேசட்டைக் கொடுத்தேன். அம்மாவும் வாங்கிக்கொண்டு, நல்லா இருக்குதுங்க என்று சொல்லியனுப்பினார். ஊமைக் கேசட்டை மட்டும், சத்தம் எங்கே அறுந்தது என்று போட்டுப் போட்டுப் பார்த்ததால், அழிக்காமல் வைத்திருந்தேன்.

ஏழாவது மாதம் அந்தப் பெண் செத்துப்போனாள். மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றில் தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஊரில் யாரும் அதை நம்பவில்லை, யாரும் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“தம்பி, பாட்டுப் போடாத கேசட்டு ஒண்ணு இருக்குமாமுங்களே. அதுல புள்ள பேசறது இருக்குமுங்களா? ஒரு வார்த்த கேட்டாப் போதுங்க.”

பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

“கேசட்டு இருக்குதுங்க்கா. ஆனா சத்தம் இல்லீங்க. மைக்கு அன்னிக்குக் கெட்டுப்போச்சு. உங்ககிட்டச் சொல்லாம மறச்சுட்டனுங்க.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“ஓட்டுங்க தம்பி. மொகத்தயாவது பாத்துக்கறேன்.”

ஓட்டினேன். சத்தமில்லாத படம் அவரைக் கொஞ்சமும் சிரமப்படுத்தவில்லை. “சின்ன மாமன் காப்பி குடிச்சயான்னு கேக்கறாரு” என்றார். “இந்தச் சின்னப் புள்ள, பூ சரிஞ்சுபோச்சுங்குது” என்றார். பட்டறையில் தறிகள் ஓடும்போது கத்தினாலும் கேட்காது, அங்கே எல்லோரும் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அது தெரிந்திருந்தும், இந்தப் படத்தையும் அவர் அப்படிப் படிப்பார் என்று எனக்கு அந்த நேரம்வரை தோன்றவில்லை.

தாலி கட்டி முடிந்த இடம் வந்தது. பெண் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அவளுக்கு இரண்டடி முன்னால் முதுகைக் காட்டி நின்று சம்பந்தி வீட்டாருக்குச் சந்தனம் நீட்டுகிறார். பெண்ணின் உதடு அசைகிறது. பிறகு அவள் மடியில் விழுந்த அட்சதையில் இரண்டு மணியை எடுத்து அம்மாவின் முதுகில் வீசுகிறாள். மறுபடியும் வீசுகிறாள். அம்மா திரும்பாமலே தோளைத் தட்டிவிட்டுக்கொள்கிறார். அன்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் குறும்பென்று நினைத்து, அந்த இடத்துக்கு ஒரு துள்ளல் பாட்டைத் தேடிப் போட்டிருந்தேன்.

“நிறுத்துங்க” என்றார். “திருப்பி ஓட்டுங்க.”

திருப்பி ஓட்டினேன். பிறகு இன்னொரு முறையும்.

“அம்மா, இங்க பாருங்கறா. மூணு தடவ சொல்றா. தறியில நா திரும்பி நின்னாத் நூல் சுத்தற தார்க்குச்சிய எடுத்து மேல வீசுவா. திரும்புனாத்தான் சொல்லுவா. மணையில குச்சிக்கு எங்க போவா? எல்லாரும் அரிசி போட்டாங்க, அதுல ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்.”

படத்தில் அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு மடியைப் பார்க்கிறாள். என்ன சொல்ல இருந்தாளோ, அது அவளோடு போய்விட்டது. நான் என்னமோ பேச வேண்டுமே என்று, “மைக்கு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தேன்.

“இல்லீங்க தம்பி. அவ சத்தமே போடுல. பட்டறப் பேச்சு அது. எந்த மைக்குலயும் உழுகாது.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரையில் பெண்ணின் முகம் நின்றிருந்தது. கடைசியில் இமைமுடிகூடத் தெரிகிற அளவுக்கு அதைப் பக்கத்தில் இழுத்து எடுத்திருந்தேன்.

“நீங்க அவ மொகத்தயேதான பாத்துட்டிருந்தீங்க?” என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஆமாங்க்கா,” என்றேன். “பாத்துட்டுத்தான் இருந்தனுங்க.”