அம்பாசடரில் நான் வைத்த கறுப்புப் பெட்டி

சொந்த வீட்டுக்கே தீ வைக்கத் தெரிந்த எலெக்ட்ரிகல் டிப்ளமோக்காரன் நான். நேற்று இஸ்திரிப் பெட்டியையும் ஹீட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகிக் கருக்கிவிட்டேன். சட்டம் போட்டு மாட்டிய என் டிப்ளமோவுக்கு நேர் கீழேதான் புகை. ஜன்னலைத் திறந்தும் நாற்றம் போகவில்லை. பிளாஸ்டிக்கும் தாரும் சேர்ந்து வேகிற அந்த நாற்றம் எனக்குப் பழக்கம். நடராஜன் அண்ணனின் அம்பாசடர் நாற்றம்.

திருவெறும்பூர் ஃபேக்டரியில் அவர் ஃபோர்மேன். ஸ்ரீரங்கத்திலிருந்து நாங்கள் நாலு பேர் அவர் காரில்தான் வேலைக்குப் போவோம். வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து, பொறி கிளப்புகிற பாயிண்டை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்ப்பார், கிளம்பிவிடும். புதுசாகப் படித்து வந்த எனக்கு அது கேவலமாகப்பட்டது.

"என்னண்ணே, பாத்திரம் வெளக்குற மாதிரி தேய்ச்சிக்கிட்டு? பாயிண்டுக்குப் பதிலா எலெக்ட்ரானிக் பெட்டி வச்சிடலாம்ண்ணே."

"வேணாம்ப்பா. உங்க அண்ணியை டயாலிசிஸுக்குத் தில்லை நகர் கூட்டிட்டுப் போகணும். வண்டி நிக்கக் கூடாது."

"அதுக்குத்தான்ண்ணே சொல்றேன்!"

வைத்தேன். பொறி இன்னும் வலுவாக இருக்கட்டும் என்று, அதற்குக் கரண்ட் ஏற்றிக் கொடுக்கிற காயிலையும் மாற்றினேன். பெட்டி தாங்குவது நாலு ஆம்பியர். அந்தக் காயில் இழுப்பது எட்டு. பத்தாம் வகுப்புக் கணக்கு, நான் போட்டுப் பார்க்கவில்லை. ஓடும்போது கரண்ட் விட்டு விட்டுப் போவதால் பெட்டி எப்படியோ ஒப்பேற்றியது. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்தால் தொடர்ந்து பாயும்.

ஆயுத பூஜையன்று சாவியைத் திருகி, டாஷ்போர்டு விளக்கு எரியவிட்டுத்தான் அண்ணன் கற்பூரம் காட்டுவார். "செத்த வண்டிக்கா பூஜை?" என்பார். "சுண்டல் ஆறுது, வாங்க" என்று அண்ணி கூப்பிட, சாவியை மறந்து உள்ளே போனோம். எனக்கு இரண்டாம் தடவையும் வைத்தார். வாசலில் பெட்டி வெந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பத்தான் செய்தது. நாற்றம் மட்டும் அடித்தது. "புது வயருண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்றேன், நிபுணர் தோரணையில்.

மறுநாள் காலை அண்ணிக்கு மூச்சு வாங்கியது. துணைக்கு நானும் ஏறினேன். காவிரிப் பாலத்து நடுவில் வண்டி நின்றது. பழக்கத்தில் அண்ணன் கை உப்புத்தாளை எடுத்தது. தேய்க்க அங்கே எதுவும் இல்லை. திறக்கவே முடியாத கறுப்புப் பெட்டிதான் இருந்தது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அண்ணி என் தோளில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

பாயிண்ட் விற்ற கடையில் இப்போது மொபைல் கவர் தொங்குகிறது. அண்ணன் காரை எடைக்குப் போட்டுவிட்டார். அதில் ஒன்றாகப் போன நாலு பேரும் நாலு திசை. போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன்.

"வீட்டுக்கு ஒருநா வரட்டுங்களாண்ணே?"

"பஸ் வந்துடுச்சு."