கொடி இறங்காத மணிக்கட்டு

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன், தயாபரன் பைப்படியில் முகம் கழுவிவிட்டு லயத்து வீட்டுச் சுவரோரம் குந்தி, இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைச் சுற்றத் தொடங்குகிறார். ஏழு சுற்று. ஒரு முனையைக் கடைவாயில் கடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்து முடிச்சுப் போடுகிறார். முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. அந்தக் கதை பின்னால் வரும். மாசித் திருவிழா முடிந்து எட்டு மாதமாகிறது. அம்மனுக்குக் காப்புக் கட்டிய மற்றவர்கள் மறுநாளே அவிழ்த்துவிட்டுக் கோழிக்கறிக்கு உட்கார்ந்துவிட்டார்கள். பசறைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இவருடைய மணிக்கட்டில் மட்டும் இன்னும் கொடி இறங்கவில்லை.

கயிற்றுக்கு அடியில் இருப்பது ஓர் எஃகு வளையம். மகள் கலாராணி எல்ல என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே தங்கிய வெள்ளைக்காரி ஒருத்தி இப்படி ஒன்றைப் போட்டிருந்தாள். "நான் ரோட்டில் விழுந்து கிடந்தால் எனக்காக இது பேசும்" என்றாளாம். லீவு கிடைத்த அன்றே கலாராணி பதுளைக்குப் போய், கடிகாரம் பழுது பார்க்கும் அலவி நானாவின் முன்னால் நின்றாள்.

"மூணு பாஷையிலயும் எழுதணும்னா இது காப்பில்ல மகள், பஸ் போர்டு" என்றார் நானா.

கடைசியில் முன்பக்கம் சிங்களம், பின்பக்கம் தமிழ்: 'வலிப்பு நோயாளி. வாயில் எதையும் வைக்க வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைக்கவும்.' கீழே அவளுடைய போன் நம்பர்.

தயாபரன் அதில் ஒரு குறையும் காணவில்லை. யாராவது வாசித்துவிடுவார்களே என்பதுதான் அவருடைய பயம். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். செங்குத்து மலையில், கையில் கத்தியோடு, நாள் முழுக்கத் தேயிலைச் செடிகளின் தலையைச் சீவுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் கொழுந்து பறிக்கும் மலையில் வலிப்பு வந்து விழுந்த கருப்பம்மாவிடம் தோட்டத்து ஆபீசில், "டாக்டர் கடதாசி கொண்டாந்தா பேர் போடலாம்" என்றார்கள். கொண்டுபோனாள். அந்தக் கடதாசிக்கு ஒரு கடதாசி கேட்டார்கள். இன்னும் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறாள். அன்றன்றைய கூலிப் பதிவில் பேர் போனால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் ஆட்டம் காணும்.

ஆகவே தயாபரன் பக்திமானாகிவிட்டார். அக்கா மகள் கல்யாணத்தில் ஊரே கோழியோடு மல்லுக்கட்டியபோது, "காப்புக் கட்டியிருக்கேங்க" என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். மாத்திரை எடுக்கப் பதுளைக்குப் போகும்போதும் கோயிலுக்கு என்றே சொல்லிப் போகிறார். போன கூட்டத்தில் அவரைக் கோயில் கமிட்டியிலும் சேர்த்துவிட்டார்கள்.

போன மாதம் ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்துத் தொடங்கிய அன்று, காலை பத்து மணிக்கு, கத்தி ஒரு பக்கமும் தயாபரன் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். கையும் காலும் வெட்டி இழுத்தன.

"சாமி வந்திருச்சுய்யா!"

"எந்தச் சாமி?"

"கத்திய வீசுன வீச்சப் பாத்தீல்ல? முனியாண்டிதான்."

"அட, கையில காப்பப் பாரு. அம்மாதான் வந்திருக்கு."

வேலை தொடங்குமுன் சாமிக் கல்லுக்குப் படைத்த எலுமிச்சம்பழம் பக்கத்திலேயே இருந்தது. அம்மனோ முனியோ, பழத்தை மறுக்கப்போவதில்லை என்று பற்களுக்கு நடுவே திணித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் நீலம் பாரித்தது.

"நீலமா மாறுறாரு பாருங்க! ஈஸ்வரனேதான்!"

மலையே கைகூப்பி நின்றது. விழுந்த ஆளை எப்படிக் காப்பாற்றுவது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய வாசகம், ஏழு சுற்றுக் கயிற்றுக்குள் வாயடைத்துக் கிடந்தது. வேலையை மேற்பார்க்கும் ரமேஸ் கங்காணி ஒருவர்தான் காரியக்காரர். "சாமி வாய் தொறந்து ஒரு வாக்குச் சொல்லணும்" என்று பழத்தைப் பிடுங்கினார். அரைப் பல்லும் கூட வந்தது. மூச்சும் வந்தது.

கண் விழித்த தயாபரன் முதலில் தடவிப் பார்த்தது மணிக்கட்டைத்தான். கயிறு குலையவில்லை. அன்று அதற்கு மேல் அவர் வேலையே செய்யவில்லை. இருந்தும் கங்காணி நாள் கூலிக்கு முழுப் பேர் போட்டார். "சாமிக்கு அரைப் பேரா போடுறது?"

ஞாயிற்றுக்கிழமை வந்த கலாராணி கதையைக் கேட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அடுத்த தடவ யாரும் பழத்தப் பிடுங்கலேன்னா?"

"பிடுங்குவாங்க. வாக்குக் கேக்கணும்ல?"

"செத்துருவீங்கப்பா."

"கருப்பம்மா சாகலதானே? போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வா."

அவள் போகவில்லை. உள்ளே போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். தயாபரன் வெளிச்சம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார், மணிக்கட்டை உயர்த்தினார். முடிச்சுக்கு வெளியே விரலளவு நீண்டிருந்த கயிற்றின் நுனியைப் பிசிறில்லாமல் நறுக்கிவிட்டு, கத்தரிக்கோலை மகளிடம் திருப்பிக் கொடுத்தார்.