நசீர் பாயின் ஆணியில் தொங்கிய இன்ஜெக்டர்

நசீர் பாய் மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு லாரியின் டீசல் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தேன். கையெல்லாம் டீசல். கடை ஆள்தான் போனை என் காதில் வைத்தார். பேசியது பாயின் மருமகன். "மாமா காலைல போய்ட்டாருண்ணே. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறோம்" என்றார். பம்பின் மீது சுத்தமான துணியைப் போட்டு மூடிவிட்டுக் கை கழுவப் போனேன். மூடாமல் போயிருந்தால் பாய் எழுந்து வந்து திட்டியிருப்பார். தூசி என்றால் அவருக்கு அவ்வளவு ஆகாது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வந்திருப்பவர்களுக்கு இரண்டு கடைகளையும் தெரியும். எதிரெதிர்க் கடைகள். எனக்கு டீசல் வேலை, அவருக்குப் பெட்ரோல். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'டீசலு' என்பார். நாங்கள் நண்பர்களா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். தினமும் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தோம், முக்கால்வாசி நாள் அந்த டீ ஆறுவதற்குள் சண்டை போட்டோம்.

பாய் அடக்கமான மனிதர் இல்லை. கிரீஸ் வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரே ஆள் அவர். பெட்ரோல் வாடைக்கு மேல் அத்தர் மணக்கும். "பேட்டைல கார்புரேட்டர்னு கேட்டா என் வாசல்ல வந்துதான் நிப்பான்" என்று அவரே சொல்லிக்கொள்வார். அது உண்மையும்கூட. சட்டைக் காலரில் எப்போதும் ஒரு மெல்லிய கம்பி செருகியிருக்கும், கிளட்ச் கேபிளிலிருந்து உருவியது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளை, ஜெட், அடைத்துக்கொண்டால் அந்தக் கம்பியை விட்டு ஒரு குத்து, வாயால் ஒரு ஊது. வண்டி கிளம்பிவிடும். எல்லா மெக்கானிக்கும் செய்ததுதான், இவர் கொஞ்சம் ஸ்டைலாகச் செய்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் கார்புரேட்டர் இல்லாத வண்டிகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கின. அவற்றில் விரல் நீளத்துக்கு இன்ஜெக்டர் என்று ஒன்று, சிலிண்டருக்கு ஒன்றாக. அதன் நுனியில் இருக்கும் துளை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதன் வழியாகப் பெட்ரோல் புகைபோலத் தெளிக்க வேண்டும். அழுக்கு சேர்ந்தால் தெளிப்பு கெட்டு வண்டி குலுங்கும். அப்படிக் குலுங்கிக்கொண்டு வந்தது குணாவின் வேன். திருவொற்றியூர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி. பாய் இன்ஜெக்டர்களைக் கழற்றினார், காலரிலிருந்து கம்பியை எடுத்தார், குத்தினார்.

வேன் முன்னைவிட மோசமானது. கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், பிள்ளைகளுக்கு வாந்தி. குணா திரும்பி வந்து நின்றபோது பாய் யோசிக்கவே இல்லை. "பெட்ரோல்ல கலப்படம். மண்ணெண்ணெய் ஊத்திகீறான்" என்றார். எங்கள் தெருவில் வேலை கெட்டால் வாயில் முதலில் வருவது அதுதான். நானும் சொல்வேன், பெட்ரோலுக்குப் பதில் டீசல் என்று மாற்றி. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை, பல நேரம் உண்மையாகவும் இருந்துவிடும்.

குணா நேராகப் பெட்ரோல் பங்க்குக்குப் போய்ச் சத்தம் போட்டார். மற்ற வேன்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், அந்தப் பங்க்கில் யாரும் பெட்ரோல் போடவில்லை. பங்க் முதலாளிக்கு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. பெட்ரோல் பிடிக்கும் ஏகாம்பரத்தைக் காட்டினார். கலப்படம் செய்தவன் என்று பட்டம் கட்டி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஏகாம்பரம் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். மனைவி, இரண்டு பெண்கள். அந்தப் பெயரோடு வேறு எந்தப் பங்க்கிலும் அவரைச் சேர்க்கமாட்டார்கள்.

அதற்குள் பாய் நகரத்தில் எங்கோ இன்ஜெக்டரைச் சோதிக்கும் மெஷினைப் பார்த்துவிட்டு வந்து, தானே ஒன்று செய்ய முனைந்திருந்தார். புதுப்பேட்டையில் பழைய பம்ப் வாங்கி, வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் மாட்டி, பேட்டரி கொடுத்து. முதலில் அதில் மாட்டியது குணாவின் வேனிலிருந்து மறுபடி கழற்றிய இன்ஜெக்டர்களை. நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் புகைபோலத் தெளிக்கவில்லை. ஒன்று கோணலாக அடித்தது, ஒன்று குழந்தை மூத்திரம் மாதிரி ஒழுகியது. அவர் நுனியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். துளையின் ஓரத்தில் கம்பி கீறிய தடம்.

"இன்னா பண்ணப் போற பாய்?" என்றேன்.

"சொல்லணும்."

"கம்முனு இரு. வேற இன்ஜெக்டர் போட்டுக் குட்த்துடு. பேர் கெட்டுப்பூடும்."

"எம்பேரு கெட்டா நாலு வண்டி கொறயும். அந்தாளு பேரு கெட்டு சோறே போச்சு, டீசலு."

மறுநாள் டீ நேரத்தில் குணாவையும் ஏகாம்பரத்தையும் வரவழைத்தார். தெருவே கூடிவிட்டது. கண்ணாடிக் குழாய்களை ஓடவிட்டுக் காட்டினார். பிறகு ஒரு புது இன்ஜெக்டரை மாட்டி, அதே பங்க் பெட்ரோலை ஊற்றி ஓடவிட்டார். புகைபோல அழகாகத் தெளித்தது. "பெட்ரோல்ல ஒண்ணியும் இல்ல. நான்தான் கம்பி வுட்டேன். தெரியாத வேலைய தெரிஞ்ச மாதிரி செஞ்சேன். ஏகாம்பரம் மேல தப்பு இல்ல" என்றார். ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாய் பங்க் முதலாளியிடமும் போய்ச் சொன்னார். பலனில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டது. ஏகாம்பரம் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பாய் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் பிரியாணி போகும். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். பேச்சு மட்டும் வராது. இதைப் பற்றிப் பாய் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அவர் சொன்னபடியே கொஞ்ச காலம் வண்டிகள் குறைந்தன. பிறகு, பாயிடம் இன்ஜெக்டரைக் கொடுத்தால் கண்ணெதிரே காட்டித்தான் கொடுப்பார் என்று பேச்சுப் பரவி, கடையில் இடம் போதாமல் போனது. கழுவுவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, வண்டிக்காரர் நின்று குழாயைப் பார்த்தே ஆக வேண்டும். அவசரம் என்று சொன்னவர்களை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு உபதேசமும் உண்டு: "டாங்க்க காயவுட்டு ஓட்டாத. அடில கீற கலீஜெல்லாம் மேல வரும், அத்த இது குடிக்கக் கூடாது." குணாவின் வேனில் கெட்டுப்போன இன்ஜெக்டர்களில் ஒன்றைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். காலரில் கம்பி செருகுவதை அன்றோடு விட்டுவிட்டார்.

பாயின் அடக்கத்துக்கு ராயபுரம் கபர்ஸ்தானுக்கு நான் போனபோது கேட்டுக்கு வெளியே ஏகாம்பரம் வாட்ச்மேன் சட்டையோடு நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "உள்ள வர்லாமா நானு?" என்று என்னைக் கேட்டார். அழைத்துப் போனேன். எல்லோரையும் போல மண் அள்ளிப் போட்டார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவராகவே பேசினார்.

"அவரால வேலைய திருப்பி வாங்கித் தர முடியல. அந்தக் கோவம் எனக்குப் போவவே இல்ல, இன்னா பண்றது. ஆனா எம்மேல தப்பு இல்லன்னு தெருவுல நின்னு சொன்னாரு பாரு, அதுக்கப்புறம்தான் எம்பொண்டாட்டியே என்ன நம்புனா. இத்த அவராண்ட சொல்லணும்னு வருசா வருசம் நெனப்பேன். பாத்திரத்த மட்டும் கழுவிக் குட்த்து அனுப்புவேன்."

பாயின் கடையைக் காலி செய்தபோது மருமகன் என்னைக் கூப்பிட்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல ஸ்பேனர்கள் இருந்தன. நான் ஆணியில் தொங்கியதை எடுத்துக்கொண்டேன். இப்போது அது என் கடைச் சுவரில் தொங்குகிறது. போன வாரம் நான் செய்து அனுப்பிய பம்ப் ஒன்று கெட்டுத் திரும்பி வந்தது. லாரிக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார். டீசலில் கலப்படம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. சுவரைப் பார்த்தேன். "உள்ள எடுத்துக்கினு வா, ரெண்டு பேரும் சேந்து பிரிச்சிப் பாப்போம்" என்றேன்.